மணற்கல் வளைவுகளைப் படம் பிடிக்க எந்த லென்ஸ் வாங்க வேண்டும்?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்குப் போகிறீர்கள், அங்கு பாறையில் இயற்கையாக உண்டான மணற்கல் வளைவுகளை எடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கையில் இருக்கும், அகன்ற காட்சியை அடக்கும் அகல லென்ஸே போதும். வெளிச்சம் எங்கேயிருந்து வருகிறது என்று பார்க்கப் பழகுங்கள், அதுதான் முக்கியம்.

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் விறாந்தைக்குச் சிவப்புச் சீமெந்துத் தரை போட்டிருப்பார்கள். காலை வெயில் சாய்வாக வந்து அந்தத் தரையில் விழும்போது கூரையின் அடிப்பக்கம் சிவந்து தெரியும். அங்கே நேரே ஒரு துளி வெயிலும் பட்டிருக்காது. என் அம்மா அந்த விறாந்தையில் இருந்து காய் நறுக்கும்போது அவர் முகத்திலும் அந்தச் சிவப்பு ஏறும். மணற்கல் வளைவிலும் நீங்கள் தேட வேண்டியது அப்படித் தெறித்து வரும் வெளிச்சத்தைத்தான்.

அக்காவும் அத்தானும் என்னை முதலில் கூட்டிப்போனது கன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவில் உள்ள மேசா ஆர்ச் என்ற வளைவுக்கு. பெரிய வளைவு இல்லை. ஆனால் செங்குத்துப் பாறை விளிம்பில் கிழக்கே பார்த்து நிற்கிறது. சூரியன் எழும்பியதும் வெயில் கீழேயுள்ள பாறைச் சுவரில் பட்டு மேலே தெறிக்க, வளைவின் அடிப்பக்கம் தணல்போல ஆகிவிடும்.

முதல் நாள் கமராவை, நிறத்தைத் தானே சரிசெய்யும் ஓட்டோ வைட் பாலன்ஸில் விட்டிருந்தேன். அது அந்தச் சிவப்பைத் திருத்த வேண்டிய பிழையாக எடுத்துக்கொண்டது. படங்கள் எல்லாம் வெளிறிப் போயின. "நேரில பார்த்த நிறம் இதில இல்லையேடா" என்று அக்கா சொன்னபோது மனம் கனத்துவிட்டது. மறுநாளும் வெள்ளண எழும்பிப் போனோம். இம்முறை பகல் வெளிச்சத்துக்கான டேலைட்டில் வைத்து, பிறகு திருத்த வசதியான ரோ ஃபைலாக எடுத்தேன். வளைவுக்கு உள்ளே தெரியும் வானம் மிகப் பிரகாசம், பாறை இருட்டு. அதனால் கமராவை முக்காலியில் வைத்து வேறு வேறு எக்ஸ்போஷரில், அதாவது வேறு வேறு வெளிச்ச அளவில், மூன்று படங்கள் எடுத்துப் பிறகு சேர்த்தேன். சூரியன் வளைவின் ஓரத்தைத் தொடும் நேரத்தில் லென்ஸின் துவாரத்தைச் சிறிதாக்கி எஃப் 16 வைத்தால் கதிர்கள் நட்சத்திரமாக விரியும்.

அதே மாநிலத்தில் உள்ள ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் 2000க்கு மேல் வளைவுகள் உண்டு. அவற்றில் ஒன்றான டெலிகேட் ஆர்ச்சுக்குப் பின்னேரம்தான் நேரம். போய்வர ஏறக்குறைய 5 கிலோமீற்றர், வழியில் நிழலே கிடையாது, திரும்பும்போது இருட்டிவிடும். தண்ணீரும் டோர்ச்சும் கட்டாயம். வளைவு சுமார் 16 மீற்றர் உயரம். ஆனால் கீழே ஒரு ஆள் நிற்காவிட்டால் படத்தில் அந்த உயரம் தெரியாது. அத்தானை நிற்க வைத்துத்தான் எடுத்தேன்.

அதே பூங்காவின் லாண்ட்ஸ்கேப் ஆர்ச்சைக் காலையில் பாருங்கள். ஏறக்குறைய 90 மீற்றர் நீளம், நடுவில் அவ்வளவு மெல்லிசு. 1991இல் அதன் அடியிலிருந்து ஒரு பெரிய பாறைப் பாளம் விழுந்தது, அதற்குப் பிறகு வளைவின் அடியால் போகும் வழியை மூடிவிட்டார்கள். 2008இல் அதே பாதையில் இருந்த வோல் ஆர்ச் முழுதாகவே இடிந்துபோனது. நல்ல கோணத்துக்காக வேலி தாண்டாதீர்கள். பாதைக்கு வெளியே கறுத்துப் பொருக்காகத் தெரியும் மண்ணையும் மிதிக்க வேண்டாம், அது நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து வளர்ந்த உயிருள்ள மண். ஒரு காலடி பட்டால் தேற வருடக்கணக்கு ஆகும்.

அப்புறம், லென்ஸை வெளியில் மாற்றாதீர்கள், காற்றோடு வரும் மணல் கமராவுக்குள் போய்விடும். யாழ்ப்பாணத்து மணற்காட்டு மணல் திடல்களில் படம் எடுத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வாகனத்துக்குள் இருந்து மாற்றுங்கள். இரவில் எடுக்க ஆசை என்றால் நிலவுள்ள நாளாகப் பார்த்துப் போங்கள். அந்த இரண்டு பூங்காக்களிலும் வளைவுகளுக்கு விளக்கடித்துப் படம் எடுக்கத் தடை உண்டு.