கேளுங்க, சொல்றோம்: பிள்ளைகளே நீதிபதிகள்

கேள்வி: ஆதரவற்ற பிள்ளைகள் விடுதி நடத்துகிறோம். தினமும் பஞ்சாயத்துத்தானுங்க. யானுஷ் கோர்ச்சாக் எப்படிச் சமாளித்தார்?
– வாசகர், கோபி

பதில்: 1912-ல் போலந்தின் வார்சாவில் திறந்த யூத அனாதை இல்லத்தை நடத்திய குழந்தை மருத்துவர் அவர். அங்கே பிள்ளைகளுக்கே நீதிமன்றம் வைத்தார். அந்த வாரம் தன்மேல் புகார் இல்லாதவர்களில் சீட்டுக் குலுக்கி 5 நீதிபதிகள். சட்டத்தில் முதல் 99 பிரிவுகளும் மன்னிப்பு வகை. 1000-ம் பிரிவுதான் வெளியேற்றம். அவர்மேலேயே வழக்கு வந்தது, விசாரணைக்கு நின்றார். சூட்சுமமே அதில்தான்! நீங்களும் பிள்ளைகள் புகார் எழுத ஒரு நோட்டு வையுங்கள். வார்டன்மேல் புகார் வாங்காத நோட்டில் ஒட்டடைதான் சேரும்.

நோட்டைச் சோத்துக்கூட வாசலில் தொங்கவிடுங்கள். விசாரணை மறுநாள்தான், சோப்புக்கட்டிச் சண்டையெல்லாம் ராத்திரிக்குள் ஆறிவிடும். எழுதத் தெரியாத சின்னதுகளுக்குப் பெரிய பிள்ளைகள் எழுதித் தரட்டும். அடிதடிக் காயம், பாலியல் தொல்லை மட்டும் இந்த நோட்டுக்கு வரக்கூடாது, உடனே குழந்தைகள் உதவி எண் 1098.