வரலாறும் அரசியலும் ஒரே துறையில் ஏன்?

கேள்வி: சில பல்கலைக்கழகங்களில் வரலாறும் அரசியலும் ஒரே துறையாக இயங்குவது ஏன்? அங்கு நடக்கும் கருத்தரங்குகளால் மாணவர்களுக்கு என்ன பயன்?

பதில்: முதல் உலகப் போரின் பேரழிவு மீண்டும் நேராதிருக்க வழிகாண வேண்டும் என்ற தவிப்பில்தான், வேல்ஸின் அபெரிஸ்ட்வித் நகரில் 1919ஆம் ஆண்டு உலகின் முதல் பன்னாட்டு அரசியல் துறை பிறந்தது. 1936இல் அங்கே பேராசிரியரான ஈ. எச். கார், வெளியுறவுப் பணியிலிருந்து வந்தவர். பின்னாளில் சோவியத் ரஷ்யாவின் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். இரு துறைகளுக்கும் இடையே வேலி தேவையில்லை என்பதற்கு அவரே சான்று.

கருத்தரங்குகளை மாணவர்கள் தவறவிடவே கூடாது. பிரிட்டனில் 30 ஆண்டுகள் கழித்தே திறக்கப்பட்டுவந்த அரசு ஆவணங்கள், இப்போது 20 ஆண்டுகளிலேயே வெளிவருகின்றன. அத்தகைய ஒரு தாளை மேசைமேல் வைத்து, ஓரக்குறிப்பு யாருடையது, எந்த வரி ஏன் அடிக்கப்பட்டது என்று ஆய்வாளர்கள் வாதிடுவதைக் கேட்கும் மாணவர், ஆவணத்தைக் கேள்வியோடு படிக்கப் பழகுகிறார்.