அமெரிக்கச் சுவரோவியரான ஃபிலிப் கஸ்டன் எப்படி அரூப ஓவியரானார், அதாவது அடையாளம் காணும் உருவங்கள் இல்லாமல் வரைபவரானார்?

ஒரே நாளில் நடந்த மாற்றம் அல்ல. 1934-35இல் மெக்சிகோவின் மொரேலியாவில் சக ஓவியர் ரூபன் கேடிஷுடன் அவர் வரைந்தது ஈரச் சுண்ணாம்புப் பூச்சில் செய்யும் சுவரோவியம். அன்றன்று முடிக்கக்கூடிய அளவுக்குத்தான் பூச்சு பூச வேண்டும். காய்ந்துவிட்டால் நிறம் உள்ளே பிடிக்காது, தவறினால் கொத்தியெடுத்து மறுபடி பூச வேண்டியதுதான். ஆகவே எல்லாவற்றையும் முன்கூட்டியே முழு அளவில் திட்டமிட்டாக வேண்டும். பிறகு அமெரிக்க அரசின் கலைத் திட்டத்தில் வேலை. 1941இல் ஐயோவா பல்கலைக்கழகத்துக்குக் கற்பிக்கப் போனதும் சுவரை விட்டுத் திரைச்சீலைக்கு (கேன்வாஸ்) நகர்ந்தார்.

திருப்பம் எங்கே என்றால், 1947-48இல் வரைந்த 'தி டார்மென்டர்ஸ்' ஓவியத்தைத்தான் நான் காட்டுவேன். முகமூடி உருவங்கள் கரைந்து, அவற்றின் விளிம்புக் கோடுகள் மட்டும் மிஞ்சியிருக்கும். 1950க்குப் பிறகு எண்ணெய் வண்ணத்தில், பின்னால் நகர்ந்து பார்க்காமல், திரைச்சீலையை ஒட்டி நின்றே வரைந்தார். அதனால்தான் சிவப்பும் இளஞ்சிவப்புமான குறுந்தீற்றல்கள் நடுவில் குவிந்து, ஓரங்கள் வெளிறிக் கிடக்கின்றன. இதை 'அரூப இம்ப்ரெஷனிசம்' என்றார்கள். ஆனால் இம்ப்ரெஷனிச ஓவியர் மோனேயின் சாயல் மேலோட்டமானதே.

1970இல் நியூயார்க் மார்ல்பரோ கேலரியில் நடந்த கண்காட்சியில், முகமூடி உருவங்களோடு மீண்டும் உருவ ஓவியத்துக்கே வந்தார். விமர்சகர்கள் வறுத்தெடுத்தார்கள்.