ஒரே ஷாஃப்ட், மூன்று கைகள், மூன்று அளவுகள்

கேள்வி: 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஷாஃப்ட் (உருளைத் தண்டு) ஒன்றை ஒரே மைக்ரோமீட்டரால் (திருகி அளக்கும் நுண்ணளவுக் கருவி) நாங்கள் மூவர் அளக்கிறோம். ஒருவருக்கு 24.990 வருகிறது, இன்னொருவருக்கு 24.986 வருகிறது. கருவிக்கு அண்மையில்தான் கேலிப்ரேஷன் (கருவி சரியாகக் காட்டுகிறதா என்ற சோதனை) முடிந்தது. பிழை கருவியிலா, கையிலா?

பதில்: கேலிப்ரேஷன் சான்றிதழ் என்பது, வெப்பநிலை கட்டுப்படுத்திய அறையில், பயிற்சி பெற்ற ஒருவர், சுத்தமான ஸ்லிப் கேஜை (தடிமன் துல்லியமாகத் தெரிந்த கட்டை) அளந்தபோது அந்தக் கருவி எவ்வளவு சரியாகக் காட்டியது என்பதற்கான சாட்சி மட்டுமே. எண்ணெய்ப் பிசுக்குள்ள ஷாஃப்ட்டை மெஷின் அருகில் நின்று நீங்கள் அளக்கும்போது என்ன வரும் என்பதற்கு அது பொறுப்பேற்காது.

முதலில் ஷாஃப்ட்டைச் சந்தேகியுங்கள். அது முழு வட்டமாக இல்லாமலோ, ஒரு முனை சற்றுப் பருத்தோ இருந்தால், மூவரும் வெவ்வேறு இடத்தை அளந்து வெவ்வேறு உண்மைகளைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். மார்க்கர் பேனாவால் ஓரிடத்தைக் குறித்து, அந்த இடத்தில் மட்டும் மூவரும் அளந்து பாருங்கள். அப்போதும் வேறுபாடு நீடித்தால் கையைக் கவனிக்க வேண்டும்.

ஸ்பிண்டில் (கருவியின் நகரும் தண்டு) பொருளை அழுத்தும் விசை பெரும்பாலான மைக்ரோமீட்டர்களில் 5 முதல் 10 நியூட்டன் வரை இருக்குமாறு ராட்செட் (அழுத்தம் எல்லையைத் தொட்டதும் வழுக்கிவிடும் முனைத் திருகி) அமைக்கப்படுகிறது. ஆனால் திம்பிளையே (அளவுக் கோடுகளுள்ள சுழலும் உறை) பிடித்து இறுக்குபவருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அரை மில்லிமீட்டர் புரியுள்ள திருகு, விரலின் சிறு முறுக்கையும் பெரும் அழுத்தமாக மாற்றிவிடும். ராட்செட்டைப் பயன்படுத்துபவரும், தொடுவதற்கு முன்பிருந்தே அதை வேகமாகச் சுழற்றினால், ஸ்பிண்டில் அந்த வேகத்தோடு போய் மோதிக் கூடுதலாக அழுத்தும். தொடும் நிலைக்கு மெதுவாக வந்து, பிறகு ராட்செட்டை இரண்டு மூன்று முறை ‘கிளிக்’ என்று கேட்கும்வரை திருப்புவதுதான் முறை. அளப்பவர் எவரோ அவரே, அதே கை அழுத்தத்தில், முதலில் பூஜ்யத்தையும் பிறகு 25 மில்லிமீட்டர் ஸ்லிப் கேஜையும் சரிபார்க்க வேண்டும் என்பதை நான் மிகவும் வலியுறுத்துவேன். ஒருவருடைய அழுத்தம் எப்போதும் ஒரே அளவில் கூடுதலாக இருந்தால், அதன் பெரும்பகுதி இந்தச் சரிபார்ப்பிலேயே கழிந்துவிடும். மெல்லிய குழாய்களுக்கு இது பொருந்தாது. அவை அழுத்தத்தில் தாமே நசுங்கும்.

கேள்வி: எங்கள் கேஜ் ஆர் அண்ட் ஆர் (கருவியாலும் ஆட்களாலும் அளவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்று பார்க்கும் சோதனை) முடிவு 29 சதவீதம் என்று வந்தது. புதிய கருவி வாங்கினால் குறையுமா?

பதில்: நீங்கள் அனுப்பிய அறிக்கையின்படி, ஒரே ஆள் திரும்ப அளக்கும்போது வரும் சிதறலின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து அளவுகள் விலகும் அளவு) 0.6 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று), ஆளுக்கு ஆள் வேறுபாட்டின் திட்ட விலக்கம் 0.8 மைக்ரான். இவை நேராகக் கூடுவதில்லை, வர்க்கங்களாகவே கூடுகின்றன. ஆகவே மொத்தம் 1.0 மைக்ரான். அதன் ஆறு மடங்கை உங்கள் 21 மைக்ரான் டாலரன்ஸால் (அனுமதிக்கப்பட்ட அளவு வேறுபாடு) வகுத்தால் 29 சதவீதம் கிடைக்கிறது. 10 சதவீதத்துக்குள் நன்று, 30 சதவீதத்துக்கு மேல் ஏற்க இயலாது, இடைப்பட்டதை வேலையின் முக்கியத்துவம் பார்த்து முடிவு செய்யலாம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு.

இப்போது கணக்கைத் திருப்பிப் பாருங்கள். கருவியின் சிதறலை அடியோடு ஒழித்தாலும் உங்களுக்கு 23 சதவீதம் மிஞ்சும். ஆட்களின் வேறுபாட்டை ஒழித்தால் 17 சதவீதத்துக்கு இறங்கும். ஆகவே புதிய கருவிக்கு முன்னால், எந்த இடத்தில், எப்படிப் பிடித்து, எத்தனை ‘கிளிக்’ வரை என்பதை எழுதி வைத்து அனைவரும் ஒரே மாதிரி அளக்கப் பழகுவதே பயன் தரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சோதனையின்போது ஆபரேட்டர் தம் முந்தைய அளவைப் பார்க்க முடிந்ததா? முதல் சுற்றில் 24.987 என்று படித்தவர், அடுத்த சுற்றிலும் அதே எண் வரும்வரை தம்மையறியாமல் திம்பிளைச் சற்றே திருப்பிச் சரிசெய்வார். இதில் நேர்மைக் குறைவு எதுவும் இல்லை, கண் எதிர்பார்த்ததைத் தேடுகிறது. பொருள்களின் எண்ணை மறைத்து, வரிசையைக் கலைத்து, வேறொருவர் குறித்துக்கொள்ளும்படி சோதனையை மீண்டும் நடத்துங்கள். உங்கள் 0.6 மைக்ரான் சிதறல் உயர்ந்தாலும் வியப்பதற்கில்லை; அந்த எண்ணைத்தான் நம்பலாம்.

கேள்வி: கடைசல் முடிந்த உடனே அளப்பதற்கும், ஆறிய பிறகு அளப்பதற்கும் உண்மையில் வேறுபாடு இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. ஒரு மீட்டர் நீள எஃகு ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 11.5 மைக்ரான் விரிகிறது. அதன்படி 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட் கருவியைவிட 20 டிகிரி சூடாக இருந்தால் விட்டம் ஏறக்குறைய 6 மைக்ரான் பெருத்துக் காட்டும். அலுமினியம் என்றால் இரு மடங்கு. எல்லா அளவுகளுக்கும் மேற்கோள் வெப்பநிலை 20 டிகிரி என்று வைத்திருப்பதும் இதனால்தான். பட்டறையில் அந்த வெப்பநிலை கிடைக்காவிட்டாலும், பொருளும் கருவியும் ஸ்லிப் கேஜும் ஒரே மேசையில் ஒன்றாக ஆறட்டும். மூன்றும் எஃகு என்றால் பிழையின் பெரும்பகுதி தானே கழிந்துவிடும். மைக்ரோமீட்டரின் சட்டத்தில் பிளாஸ்டிக் பிடி இருந்தால் அதைப் பிடித்தே அளங்கள். முதல் ஷிஃப்டில் சூட்டோடு அளப்பவரும், அடுத்த ஷிஃப்டில் ஆறியதை அளப்பவரும் ஒருவரையொருவர் குறை சொல்வதற்கு முன் ஷாஃப்ட்டைக் கையால் தொட்டுப் பார்ப்பது நல்லது.