மரச் சதுரங்கக் காய்களை வீட்டிலேயே லேத்தில் கடைந்து செய்ய முடியுமா?

முடியும். கேட்டவர் கோலாலம்பூரில் அடுக்குமாடியில் இருக்கிறார், மரவேலை கொஞ்சம் தெரியும், மகளுக்கு ஒரு முழு செட் செய்து கொடுக்க ஆசைப்படுகிறார், எந்த மரம் எடுப்பது, எந்தக் காயில் தொடங்குவது என்று கேட்டிருக்கிறார். நான் பட்டர்வொர்த்தில் வீட்டு முன்வாசலில் ஒரு சின்ன லேத்தை (மரத்தைச் சுற்றவைத்து உளியால் சீவும் கடைசல் இயந்திரம்) வைத்துக்கொண்டு இரண்டு செட் முடித்திருக்கிறேன், மூன்றாவது பாதியில் நிற்கிறது. அதில் கற்றதை அப்படியே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். சிப்பாயில் தொடங்குங்கள். எல்லாரும் ராஜாவைத்தான் முதலில் கடைய ஆசைப்படுவார்கள், நானும் அப்படித்தான் செய்தேன். ராஜா உயரமான காய், வளையம் வளையமாக வேலைப்பாடு காட்டலாம், ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்தால் அழகாக ஒன்று வந்துவிடும். ஆனால் ஒரு செட்டில் ராஜா இரண்டே இரண்டுதான், சிப்பாய் பதினாறு. பலகையில் காய்களை அடுக்கியதும் கண் முதலில் போவது அந்த இரண்டு சிப்பாய் வரிசைக்குத்தான், ஒன்றின் தலை கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் மொத்த செட்டும் ஏனோதானோ என்று தெரியும். ஒரே மாதிரி பதினாறு செய்யக் கை பழகிவிட்டால் மற்ற காய்கள் தானாக வரும். சிப்பாயின் உருவத்தில் இருக்கும் அடி, தண்டு, கழுத்து வளையம், உருண்டைத் தலை இவையேதான் கொஞ்சம் மாறி மாறி மற்ற காய்களிலும் வருகின்றன.

நான் பிறை என்ற ஊரில் இரும்பு லேத்தில் 22 வருஷம் வேலை பார்த்தவன். அதனால் மர லேத் சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இரண்டும் வேறு வேறு வேலை. இரும்பு லேத்தில் டூலை இறுக்கிவிட்டு டயலைத் திருப்பினால் அளவு வந்து நிற்கும். மர லேத்தில் உளி உங்கள் கையில் இருக்கிறது. டூல் ரெஸ்ட் என்னும் தாங்கியின் மேல் உளியைச் சாய்த்து, முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்து, உடம்பை நகர்த்தித்தான் சீவ வேண்டும். பாதுகாப்பில் மட்டும் இரண்டும் ஒன்றே: கையுறை கூடாது, தொங்கும் சட்டைக்கை கூடாது, கழுத்துச் சங்கிலியையும் மணிக்கட்டில் கட்டிய சாமிக் கயிற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள், முகத்துக்குக் கண்ணாடிக் கவசம், மூக்குக்கு நல்ல மாஸ்க். ஒவ்வொரு துண்டையும் மாட்டியதும் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்து எங்கும் இடிக்கவில்லை என்று தெரிந்த பிறகே சுவிட்சைத் தொட வேண்டும். அடுக்குமாடியில் மோட்டார் சத்தத்தைவிட மரத்தூள்தான் பெரிய தொல்லை, தரைவீடு வைத்திருக்கும் சொந்தக்காரர் யாராவது இருந்தால் லேத்தை அங்கே போடுங்கள்.

மரத்துக்கு வருவோம். வெளிநாட்டு வீடியோக்களில் வெள்ளைக் காய்க்கு பாக்ஸ்வுட், கறுப்புக்கு கருங்காலி என்பார்கள். நல்ல மரங்கள்தான், மறுக்கவில்லை, ஆனால் முதல் செட்டுக்கு அவ்வளவு காசு போட வேண்டாம். நம் ஊரில் யாராவது தூக்கிப்போடும் பழைய சாப்பாட்டு மேசை நாற்காலியின் கால்களைப் பாருங்கள், பெரும்பாலும் ரப்பர் மரமாகத்தான் இருக்கும். பால் வற்றிய மரத்தை 25, 30 வருஷத்தில் வெட்டிவிட்டு மறுநடவு செய்வார்கள், வெட்டிய மரம் நாற்காலியாகவும் மேசையாகவும் போகிறது. பச்சை ரப்பர் மரத்தை மட்டும் எடுக்காதீர்கள். அதில் மாவுச்சத்து அதிகம், நீலப்பூஞ்சை பிடிக்கும், வண்டு துளைக்கும், அதனால்தான் அறுத்த உடனே போரான் மருந்து ஏற்றிச் சூளையில் காயவைக்கிறார்கள். நாற்காலிக் காலில் அந்த வேலையெல்லாம் முன்பே முடிந்திருக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள், ரப்பர் மரத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பல் பல்லாக வெட்டி ஒட்டியிருப்பார்கள், அந்த ஒட்டு சிப்பாயின் கழுத்தில் வந்தால் பார்க்கவும் நன்றாக இராது, உடையவும் செய்யும். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ரேகை நேராக ஓடும் துண்டாக எடுங்கள், காயின் உயரம் எந்தப் பக்கமோ ரேகையும் அந்தப் பக்கம் ஓட வேண்டும்.

என் அம்மா சுங்கை பட்டாணி பக்கம் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும், கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்பட்டு அந்த இடம் முண்டு கட்டிவிடும். நான் சாய்வு உளியோடு (முனை சாய்வாக இருக்கும் உளி) மல்லுக்கட்டிக்கொண்டு துண்டு துண்டாக மரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்த நாளில் அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், "அழுத்தாதடா, சாய்ச்சுப் பிடிச்சு கத்திய அதுபாட்டுக்குப் போக விடு" என்றார். அவர் லேத்தைத் தொட்டதே இல்லை. அவர் சொன்னபடி கையைத் தளர்த்தினேன், உளியின் நுனியிலிருந்து சீவல் ரிப்பன் மாதிரி சுருண்டு வந்தது. எத்தனையோ வீடியோ பார்த்தும் புரியாத ஒன்று அது.

கறுப்புக் காய்க்கு நான் எடுத்தது மெர்பாவ். பழைய கதவு நிலை, படிக்கட்டுப் பலகை உடைக்கும் இடங்களில் கிடைக்கும். 2019-ல் மலேசியாவின் தேசிய மரமாக அறிவித்தார்களே, அதே மரம். நல்ல கனம், கடைந்து மெருகேற்றினால் செம்பழுப்பு நிறம் கண்ணில் நிற்கும். ரேகை கொஞ்சம் முரடு, அதனால் மில்லிமீட்டர் கணக்கில் மெல்லிய வளையம் வைத்தால் விளிம்பு பெயரும், வளையங்களைக் கொஞ்சம் தடிப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஈரம் பட்டால் பழுப்புச் சாயம் விடும், இரும்பும் ஈரமும் சேர்ந்து பட்டால் கறுத்துப் போகும். இதை மனதில் வையுங்கள், பின்னால் வரும்.

உருவத்துக்கு ஸ்டாண்டன் மாதிரியையே எடுங்கள். 1849-ல் லண்டனில் நதானியேல் குக் பதிவு செய்து ஜேக்ஸ் நிறுவனம் விற்ற வடிவம், அந்தக் காலத்துப் பெரிய ஆட்டக்காரர் ஹோவர்ட் ஸ்டாண்டனின் பெயரை அதற்கு வைத்தார்கள், இன்றைக்கும் போட்டிகளில் அதுதான். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபீடே சொல்லும் உயரங்கள்: ராஜா 9.5 செ.மீ., ராணி 8.5, மந்திரி (பிஷப்) 7, குதிரை 6, யானை (மூலையில் நிற்கும் ரூக்) 5.5, சிப்பாய் 5. நான்கு சிப்பாய்கள் ஒரு கட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்பது கணக்கு, என் சிப்பாயின் அடி 28 மி.மீ., பலகையில் கட்டம் 56 மி.மீ.

இனி ஒரு சிப்பாய். 32 மி.மீ. சதுரத்தில் துண்டு அறுத்து, அடிப்பக்கம் நடுவில் முதலிலேயே 16 மி.மீ. துளை போட்டுவிடுவேன், எடை வைக்க அது வேண்டும். சக்கில் (லேத்தில் துண்டை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) ஒரு மரக்கட்டையைப் பிடித்து அந்தத் துளைக்குள் இறுக்கமாக நுழையும் அளவுக்குக் கடைந்து வைத்திருக்கிறேன், துண்டை அதில் சொருகி மறுமுனையை டெயில்ஸ்டாக்கால் (லேத்தின் எதிர்ப்பக்கத் தாங்கி) முட்டுக்கொடுத்தால் எல்லாச் சிப்பாயும் ஒரே மையத்தில் சுற்றும். முதலில் மெதுவான வேகத்தில் மூலைகளை எடுத்து உருளையாக்கிவிட்டு, அப்புறம் நிமிஷத்துக்கு 2000 சுற்றுக்கு ஏற்றுவேன். பிறகு அளவுப்பட்டை. ஒரு ஒட்டுப்பலகைப் பட்டையில் அடி முடியும் இடம், தண்டின் மெல்லிய இடம், கழுத்து வளையம், தலையின் நடு என்று நான்கு இடத்தில் சின்ன ஆணி அடித்து முனையைக் கூராக்கி வைத்திருக்கிறேன். சுற்றும் உருளையில் அதை லேசாக வைத்தால் நான்கு கோடும் ஒரே நேரத்தில் விழுந்துவிடும், ஸ்கேல் தேவையில்லை. அந்தக் கோடுகளில் பார்ட்டிங் உளியை (பள்ளம் வெட்டும் ஒடுக்கமான உளி) இறக்கி காலிப்பரால் விட்டம் அளந்து பார்த்து நான்கு பள்ளம், வரிசையாக 28, 10, 18, 16 மி.மீ. மீதி எல்லாம் ஒரு பள்ளத்திலிருந்து இன்னொரு பள்ளத்துக்கு வளைவை இழுப்பதுதான், எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் சீவுங்கள், எதிர்த்துப் போனால் உளி கடித்துவிடும்.

தலைதான் கஷ்டம். உருண்டையாக இருக்கிறது என்று கண் சொல்லும், பக்கத்தில் இன்னொன்றை வைத்தால் ஒன்று முட்டை மாதிரி தெரியும். இதற்கு என் பழைய வேலை உதவியது. 12 மி.மீ. உள் விட்டமுள்ள குழாய்த் துண்டை எடுத்து, லேத்தை நிறுத்திவிட்டு அதன் வாயைத் தலைமேல் வைத்துப் பாருங்கள். சரியான உருண்டை என்றால் எந்தப் பக்கம் சாய்த்து வைத்தாலும் குழாயின் வாய் சுற்றிலும் ஒட்டி நிற்கும். வெளிச்சம் தெரியும் இடத்துக்கு இரு பக்கமும் மேடு இருக்கிறது என்று அர்த்தம், அந்த மேட்டில் மட்டும் ஒரு சீவல். நான் இருபது சிப்பாய் கடைந்து அதில் நெருக்கமாக ஒத்துப்போகும் பதினாறை எடுத்தேன். முதல் சிப்பாய்க்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது, கடைசியில் 25 நிமிஷம்.

அளவு அரை மில்லிமீட்டர் முன்னே பின்னே இருந்தால் கவலைப்படாதீர்கள். கழுத்து வளையத்தின் உயரமும் தலையின் பருமனும் ஒத்துப்போக வேண்டும், கண் அதைத்தான் பிடிக்கும். தண்டின் வளைவில் சின்ன வித்தியாசத்தை யாரும் கவனிப்பதில்லை.

யானையைக் கடைவது சுலபம், தலையில் குழி தோண்டி மெல்லிய ரம்பத்தால் கோட்டைப் பற்களை வெட்ட வேண்டும், அவ்வளவுதான். இங்கே ஒரு சின்னக் கதை. பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியவர், நாங்கள் பாக் சிக் என்போம், என்னோடு விளையாட வருவார். ஒருநாள் "காஜாவைக் கொடு" என்றார், மலாயில் காஜா என்றால் யானை, நான் மூலையில் நிற்கும் யானையை எடுத்துக் கொடுத்தேன், அவர் தலையை ஆட்டிவிட்டு மந்திரியைக் காட்டினார். மலாய் ஆட்டத்தில் காஜா என்றால் நாம் மந்திரி என்று சொல்லும் காய். மூலைக் காய்க்கு அவர்கள் சொல்வது 'தீர்', அது நம்முடைய தேர். தமிழ்ச் சொல் மலாய்ப் பலகையின் மூலையில் இத்தனை காலமாக நின்றுகொண்டிருக்கிறது என்று தெரிந்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. மூன்றாவது செட்டில் அந்தக் காயைத் தேர் முடி மாதிரி கடையப் பார்க்கிறேன்.

மந்திரிக்குத் தலையில் சாய்வாக ஒரு வெட்டு, மெருகேற்றும் முன்பே போட்டுவிடுங்கள். ராணியின் கிரீடத்தில் எட்டுப் பற்கள் சமமாக வர, கிரீடத்தைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையைக் கட்டி அளவாக வெட்டி, மூன்று தடவை மடித்துப் பிரித்தால் எட்டு சம பாகம் கிடைக்கும், அதை மறுபடி சுற்றிப் பென்சிலால் குறித்துவிடலாம். ராஜாவின் உச்சியில் வழக்கமாகச் சிலுவை வரும், அதைத் தனியாகச் செதுக்கி ஒட்ட வேண்டும். நான் கோபுரக் கலசம் வைத்தேன், லேத்திலேயே காயோடு சேர்த்துக் கடைந்துவிடலாம், தூரத்திலிருந்தே ராணியிலிருந்து பிரித்துத் தெரியும்.

குதிரைக்கு அடி மட்டும்தான் லேத்தில் வரும், தலை முழுக்கக் கைச்செதுக்கு. அமிர்தசரஸில் காய் செய்யும் பட்டறைகளில் குதிரைக்கென்றே தனிக் கைகாரர்கள் இருக்கிறார்கள், நல்ல செட்டின் விலையில் பெரும்பங்கு அந்த நான்கு குதிரைக்குத்தான் போகும். முதல் குதிரைகளை நான் படம் பார்த்துச் செய்தேன், நாய் மாதிரி வந்தன. பிறகு அம்மா இருந்த தோட்டத்துக் கோவிலுக்குப் போய் மதுரை வீரன் குதிரையின் முன்னால் அரை மணி நேரம் நின்றேன். கழுத்து முன்னே தள்ளி வளைந்து, தாடை உள்ளே இழுத்து, காது பின்னால் மடிந்து நிற்கிறது. அந்தக் கழுத்து வளைவு வந்துவிட்டால் கண், மூக்கு சுமாராக இருந்தாலும் குதிரை குதிரையாக நிற்கும். 20 மி.மீ. பலகையில் உருவத்தை அறுத்து, செதுக்கி, சின்ன மரக்குச்சி போட்டு அடியோடு ஒட்டுங்கள்.

எடை விஷயத்தில் நான் பட்டதை நீங்கள் பட வேண்டாம். முதல் செட்டில் துளைக்குச் சரியாகப் பொருந்தும் இரும்புத் துண்டுகளை இறுக்கித் தட்டி ஏற்றினேன், கையில் எடுத்தால் அவ்வளவு நிறைவாக இருந்தது. அக்கா மகளுக்குக் கொடுத்தேன், அவள் கோலாலம்பூரில் பகலெல்லாம் ஏர்கான் ஓடும் வீட்டில் இருக்கிறாள். நான்கு மாதத்தில் ஒரு ராஜா, ஒரு ராணி, ஒரு யானை மூன்றின் அடியும் மேலிருந்து கீழாகப் பிளந்துவிட்டன. இங்கே கடல்காற்றில் கிடந்த மரம் அந்த உலர்ந்த அறையில் ஈரம் விட்டுச் சுருங்குகிறது, உள்ளே இருக்கும் இரும்பு சுருங்காது, மரத்துக்குப் பிளப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அவள் படம் அனுப்பியபோது மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. இப்போது எடையைத் துளையைவிட 2 மி.மீ. சின்னதாக எடுத்து, சுற்றிலும் சிலிக்கான் பசை போட்டு நிறுத்துகிறேன், அது விட்டுக்கொடுக்கும். மெர்பாவ் காய்களில் துளையின் உட்பக்கத்துக்கு முதலில் ஷெல்லாக் (அரக்கு மெருகு) பூசிவிடுவேன், இல்லாவிட்டால் இரும்பு பட்டுக் கறுக்கும். தூண்டில் ஈயக்குண்டு இன்னும் கனமாக இருக்கும்தான், ஆனால் நீங்கள் குழந்தைக்குச் செய்கிறீர்கள், ஈயம் வேண்டாம். கடைந்த துண்டுகளை முடிப்பதற்கு முன் இரண்டு மூன்று வாரம் மகளுடைய அறையிலேயே ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள், அந்த அறைக் காற்றுக்குப் பழகட்டும்.

கடைசியாக மெருகு. 180, 240, 320, 400 என்று சேண்ட்பேப்பர், லேத் சுற்றும்போதே. அப்புறம் ஷெல்லாக், அதன்மேல் தேன்மெழுகு. மழை பெய்யும் நாளில் ஷெல்லாக் பூசாதீர்கள், வெள்ளையாகப் பூத்துவிடும், வெயில் ஏறிய முன்பகல்தான் நல்லது. அடியில் பச்சை ஃபெல்ட் துணி ஒட்டினால் வேலை முடிந்தது. வார இறுதிகளில் மட்டும் உட்கார்ந்து எனக்கு ஒரு செட்டுக்கு ஐந்து மாதம் ஆகிறது, மகளின் பிறந்தநாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு நாற்காலிக் கால் தேடத் தொடங்குங்கள்.