ஆப்பிரிக்க மருத்துவமனைக்கு மருத்துவக் குழுவோடு தன்னார்வலராகப் போகலாமா?

கேள்வி: நான் ஐந்து வருட அனுபவமுள்ள செவிலியர். ஆப்பிரிக்காவுக்கு இரண்டு வாரம் போகும் ஒரு அறுவை சிகிச்சைக் குழுவில் சேர அழைப்பு வந்திருக்கிறது. போகலாமா? யாராவது போயிருக்கிறீர்களா?

போங்கள். ஆனால் டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் குழுவை நடத்துபவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: நாம் ஊர் திரும்பிய பிறகு, முப்பதாவது நாளில் அந்த நோயாளியின் தையலை யார் பார்ப்பார்? அவருடைய பெயரைச் சொல்லி, அவரிடம் பேசியாயிற்று என்றும் சொன்னால் தாராளமாகச் சேருங்கள். "அங்கே ஆள் இருப்பாங்க" என்று மழுப்பினால் வேறு குழுவைப் பாருங்கள்.

நான் 2018 பிப்ரவரியில் மூன்று வாரம் மேற்குக் கென்யாவில், கெரிச்சோ பக்கம் ஒரு திருச்சபை மருத்துவமனையில் இருந்தேன். எனக்குச் சொந்த ஊர் வால்பாறை. வண்டி மலையேறி, இரண்டு பக்கமும் வெட்டிவிட்ட தேயிலை தெரிந்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. அதே செம்மண், அதே சாயங்காலக் குளிர். ஆப்பிரிக்கா என்றால் வெயில்தான் என்று நினைத்து ஸ்வெட்டர் எடுக்காமல் போய்விடாதீர்கள்.

அதற்கு முந்தைய வருடம் கென்யாவில் அரசு செவிலியர்கள் ஜூன் முதல் நவம்பர் வரை ஐந்து மாதம் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டிய நோயாளிக் கூட்டமெல்லாம் திருச்சபை மருத்துவமனைகளுக்குத்தான் வந்திருக்கிறது. தள்ளிப்போன குடலிறக்க அறுவை சிகிச்சைகள், தீக்காயத்தால் சுருங்கிப்போன கைகள் என்று நீளமான பட்டியல் எங்களுக்காகக் காத்திருந்தது. அறுவை சிகிச்சை முடிந்தவர்களை மயக்கம் தெளியும்வரை வைத்துப் பார்க்கும் ரிகவரி அறையில் எனக்கு வேலை.

அங்கே ஒரு வேலையை நம்மூர்க்காரர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். கிளினிக்கல் ஆபீசர் என்று ஒருவர் இருப்பார். எம்.பி.பி.எஸ். இல்லை, மூன்று வருட டிப்ளமோ, அப்புறம் பயிற்சிக் காலம். புறநோயாளி, வார்டு, காயம், பிரசவம் எல்லாவற்றிலும் அவர்தான் முன்னால் நிற்பார். எங்கள் குழுவில் சிலர் அவரைக் கம்பவுண்டர் மாதிரி நடத்தியதைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஊர் நோயை அவர் அளவுக்கு எங்களில் யாருக்கும் தெரியாது.

நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். நான்கு வயதுப் பெண் குழந்தை. அடுப்புத் தீயில் வலது கை வெந்திருந்தது. மயக்கம் கொடுத்துத்தான் கட்டு மாற்ற வேண்டும். பெரிய கேஸ்கள் முடிந்து மறுநாள் மாலை மூன்று மணிக்கு என்று முடிவானது. இரண்டு வாரத்தில் கொஞ்சம் சுவாஹிலி வந்துவிட்ட தைரியத்தில், யாரையும் கூப்பிடாமல் நானே அம்மாவிடம் சொன்னேன்: நாளை, "சா தாத்து", சாப்பாடு கூடாது. தாத்து என்றால் மூன்று. அவரும் தலையாட்டினார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே வராந்தாவில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். தூரத்திலிருந்து வருகிறவர், சீக்கிரம் கிளம்பியிருப்பார் என்று நினைத்துச் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன். பன்னிரண்டரைக்கு வெளியே வந்தால் அதே இடத்தில் இருக்கிறார். குழந்தை முதுகில் துணியில் கட்டியபடி துவண்டு தூங்குகிறது, உதடு காய்ந்திருக்கிறது. தலைமை செவிலியை அழைத்து வந்தேன். அவர் அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக் கைக்கடிகாரத்தைக் காட்டினார். "சின்ன முள் எங்கே இருக்கு என்று பார்க்காதே சிஸ்டா, அதற்கு நேர் எதிரே என்ன எண் என்று பார்."

சுவாஹிலியில் மணிக்கணக்கு விடியலில் தொடங்குகிறது. நம் காலை ஏழுதான் அங்கே ஒரு மணி. அவர்களுடைய மூன்று, நமக்கு ஒன்பது. நாம் சொல்லும் மாலை மூன்றுக்கு "சா திசா", அதாவது ஒன்பது என்று சொல்ல வேண்டும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர், வருடம் முழுக்கச் சூரியன் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வருகிறது. அவர்கள் கணக்கில் ஒரு குறையும் இல்லை. நான்தான் கேட்காமல் சொல்லிவிட்டேன். முந்தின ராத்திரி சாப்பிட்டதோடு அந்தக் குழந்தை வெறும் வயிறு. கையில் காலில் விழுந்து அந்தக் கேஸை முன்னால் எடுக்க வைத்தேன். முடிந்து, கண் விழித்து, கேழ்வரகுக் கஞ்சியை அம்மா ஊட்ட ஊட்ட அது குடித்ததைப் பார்க்கும்வரை எனக்கு உட்கார மனம் வரவில்லை. "போலே சானா" என்று மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா என்னைக் கோபித்துக்கொள்ளவே இல்லை. அதுதான் இன்றும் வலிக்கிறது. வெள்ளைச் சீருடை போட்டவள் சொன்னால் காரணம் கேட்காமல் ஆறு மணி நேரம்கூட உட்கார்ந்திருப்பார்கள். அதனால் மொழிபெயர்க்க ஆள் இல்லாமல் எந்த நோயாளியிடமும் மருந்து, சாப்பாடு, நேரம் பற்றிப் பேசாதீர்கள், உங்களுக்கு எவ்வளவு சுவாஹிலி வந்தாலும் சரி.

பெட்டியில் என்ன கொண்டுபோவது என்றும் கேட்பீர்கள். நாங்கள் நன்கொடையாகச் சேர்த்த மருந்தில் கால்வாசி இரண்டே மாதத்தில் காலாவதியாகிறவை. நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருடமாவது ஆயுள் மீதம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். அதை யாரும் பார்க்கவில்லை. பாவம், அங்கிருந்த மருந்தாளுநர்தான் இரண்டு நாள் உட்கார்ந்து பிரித்தார். கிளம்புவதற்கு முன் நான் தலைமை செவிலிக்கு வாட்ஸ்அப்பில் "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டிருந்தேன். கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோக்ளேவின் மூடிக்கு ரப்பர் கேஸ்கட் வேண்டும் என்று படம் அனுப்பியிருந்தார். இந்தியத் தயாரிப்பு, கோயம்புத்தூரில் ஒரு கடையில் நான்கு வாங்கினேன். என் பெட்டியில் இருந்ததிலேயே உருப்படியான பொருள் அதுதான்.

கென்யா என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அப்புறம் ஆயுளுக்கும் போதும். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் நம்மூர் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள். அந்நாட்டு நர்சிங் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு வாங்காமல் வார்டில் கை வைக்காதீர்கள். "சுற்றுலா அனுமதியே போதும்" என்று சொல்லும் குழுவை நான் நம்ப மாட்டேன்.

முப்பதாவது நாள் விஷயத்துக்கு வருகிறேன். நான் ஊர் திரும்பிப் பத்தொன்பதாம் நாள், அந்த கிளினிக்கல் ஆபீசர் ஒரு படம் அனுப்பினார். நாங்கள் செய்த குடலிறக்க அறுவை சிகிச்சை ஒன்றில் தையல் பிரிந்து சீழ். குடலிறக்கத்தை அடைக்க உள்ளே எந்த வலை வைத்தார்கள், எந்தத் தையல் நூல் போட்டார்கள் என்று கேட்டிருந்தார்; கேஸ் ஷீட்டில் எழுதாமலே வந்திருக்கிறோம். குழுத் தலைவருக்கு மூன்று முறை எழுதினேன், பதில் இல்லை. எங்கள் மருத்துவமனை சர்ஜன் ஒருவரிடம் காட்டி, அவர் சொன்னதை அனுப்பினேன். இரண்டு மாதம் தினமும் கட்டு மாற்றி அந்த மனிதரைத் தேற்றியது அந்த கிளினிக்கல் ஆபீசர்தான்.

2019இல் அந்தக் குழுவோடு நான் போகவில்லை. தலைமை செவிலி கூப்பிட்டு, தனியாக ஒரு மாத விடுப்பில் போனேன். அறுவை சிகிச்சை எதுவும் கூடுதலாக நடக்கவில்லை. ரிகவரி அறைக்கு வரும் புதிய செவிலியரோடு ஷிப்டில் நின்று, மயக்கம் தெளிகிற நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் பழக்கினேன். டிஸ்சார்ஜ் சீட்டில் மறுமுறை வரவேண்டிய நேரத்தை அவர்கள் கணக்கிலேயே எழுத, பக்கத்தில் சின்னதாகச் சூரியனோ நிலாவோ போட ஒரு கட்டம் வைத்தோம். அந்தச் சீட்டை அங்கே இன்னும் அச்சடித்துக்கொண்டிருக்கிறார்கள்.