ஊர் நூலகத்துக்கு லைற்றிங் டிசைன் தேவையா, வயறிங் செய்பவர் போதாதா?

நூலகக் கட்டடத்தின் விளக்குகளுக்கென்று தனியாக ஒருவருக்குக் காசு கொடுத்து வரைபடம் போட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெளிநாட்டில் இருக்கும் ஊர்ச்சனம் அனுப்பிய காசில் கட்டடம் எழும்பிவிட்டது, மின்வேலைக்கான மதிப்பீடும் வந்துவிட்டது, குழுவில் யாரோ ஒருவர் மட்டும் "டிசைனர் ஒருவரிடம் காட்டுவோம்" என்று சொல்லி மற்றவர்களிடம் பேச்சு வாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். அவர் சொன்னதுதான் சரி.

எலக்ட்ரீசியன்மாரைக் குறைத்துச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். நானே வயறிங்கில் தொடங்கியவன், திருகோணமலையில் இன்றைக்கும் என் கையால்தான் வயர் இழுக்கிறேன். கரண்ட் பத்திரமாக வந்து சேர வேண்டும், அது எங்கள் பொறுப்பு. ஆனால் வந்த வெளிச்சம் எதன்மேல் விழவேண்டும், எங்கே விழக்கூடாது என்று யோசிப்பதற்கு வேறு பயிற்சி வேண்டும், அதற்கென்று உட்காரும் ஒரு ஆளும் வேண்டும்.

ஏழு வருடத்துக்கு முன் எங்கள் பக்கத்துக் கரையோரக் கிராமம் ஒன்றில் இதேபோல ஒரு நூலகம் கட்டினார்கள். வயறிங் என்னுடையது. வாசிப்பு மண்டபத்துக்கு 48 வாட் பனல் லைற் 24, எல்லாம் 6500 கெல்வின், அதாவது நீலம் தட்டும் வெள்ளை. இவ்வளவு வெளிச்சம் தேவையில்லை என்று குழுத் தலைவரிடம் சொன்னேன். "தம்பி, வெளிச்சம் கூடினால் யாருக்கு என்ன நட்டம்?" என்று கேட்டார். அந்த நேரம் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

திறப்புவிழா முடிந்து ஒரு மாதம் இருக்கும், சுவிட்ச் ஒன்று பழுதென்று கூப்பிட்டார்கள். பின்னேரம் ஆறரை இருக்கும். ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். மேசைகளுக்குக் கண்ணாடி போட்டிருந்தார்கள், மேலே இருந்த பனல் அதில் சதுரமாக விழுந்து அவருடைய கண்ணுக்குள் அடித்தது. அவர் கதிரையை ஒருமுறை திருப்பினார், பேப்பரைச் சரித்துப் பிடித்தார், கடைசியில் தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கண்ணாடியின்மேல் விரித்துவிட்டு வாசித்தார். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு இருபது வயதுக்காரருக்குப் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம்தான் போய்ச் சேரும், ஆகவே வெளிச்சம் கூட வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அதே கண்ணுக்குத்தான் கூச்சமும் அதிகம்.

அதைவிட என்னைச் சுட்டது வேறொன்று. பின்னுக்கு அலுமாரி வரிசைக்குள் பதினைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளை குந்தியிருந்து, போன் டோர்ச்சை அடித்துப் புத்தகத்தின் பெயர் பார்த்துக்கொண்டிருந்தது. தலைக்குமேல் 24 பனலும் எரிகிறது! அடுத்தநாள் லக்ஸ் மீற்றர், அதாவது ஓரிடத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று காட்டும் கருவி, கொண்டுபோய் அளந்தேன். மேசையில் 720 லக்ஸ், கீழ்த்தட்டுப் புத்தக முதுகில் 35. ஐரோப்பியத் தரம் வாசிக்கும் இடத்துக்கு 500, அலுமாரிக்கு 200 என்று சொல்கிறது. பனலை அளவெடுத்த சதுரமாகச் சீலிங்கில் அடித்துவிட்டோம், அலுமாரி பிறகு வந்து அதற்குக் குறுக்கே நின்றது. அலுமாரியில் கண் பார்ப்பது நிமிர்ந்த முகப்பை, நாங்கள் கணக்குப் பார்த்தது கிடையான மேசையை.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை, மருமகனையும் கூட்டிக்கொண்டு போய்ச் சும்மாதான் திருத்திக் கொடுத்தேன். பத்துப் பனலைக் கழற்றினோம், மிஞ்சிய 14இல் ஆறை அலுமாரி இடைவழிகளுக்கு நேர்மேலே மாற்றினோம், மேசைக் கண்ணாடிகளையும் எடுத்துவிட்டோம். 1,152 வாட் 672 ஆகக் குறைந்தது. கீழ்த்தட்டு 110க்கு ஏறியது, 200ஐத் தொடவில்லை, அதற்குச் சீலிங்கை உடைக்க வேண்டும். முதலிலேயே யோசித்திருந்தால் இந்த வேலை ஒன்றும் இல்லை.

வாசலையும் மறக்கவேண்டாம். திருகோணமலை வெயில் நேரே விழும் இடத்தில் ஒரு லட்சம் லக்ஸ் வரை இருக்கும். அதிலிருந்து 100 லக்ஸ் அறைக்குள் காலை வைத்தால் கொஞ்ச நேரம் கண் இருட்டும். பழைய கட்டடங்களின் விறாந்தை அதைப் படிப்படியாகக் குறைத்துத் தந்தது. இப்போது விறாந்தையை வெட்டிவிட்டு மினுங்கும் கறுப்புக் கருங்கல்லில் படி கட்டுகிறோம். நான் சொன்ன நூலகத்தில் பெயர்ப் பலகைக்கு இரண்டு ஃபோக்கஸ் லைற் இருந்தது, படிக்கு ஒன்றும் இல்லை. என் பெரியம்மா அதில் விழுந்து மணிக்கட்டு முறிந்து ஆறு கிழமை மாக்கட்டோடு இருந்தா. யாரும் பொறுப்பெடுக்கவில்லை.

வெளியே போடும் லைற்றுக்கு ஐபி 65 என்று எழுதியிருந்தால் போதும் என்று கடைக்காரர் சொல்வார். அந்த எண் தூசிக்கும் தண்ணீருக்கும்தான். மாரியில் வாடைக்காற்று கொண்டுவரும் உப்புக்கு அதில் கணக்கில்லை. கடற்கரை என்றால் ஸ்குரூ ஆணி, உப்புக்குக் கூடத் தாக்குப்பிடிக்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில்தான் கேளுங்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரனின் ஆடம்பரம் என்று யாராவது சொல்வார்கள். ரிச்சர்ட் கெல்லி என்ற அமெரிக்க லைற்றிங் டிசைனர் 1952இல் வெளிச்சத்தை மூன்றாகப் பிரித்து எழுதினார்: எங்கும் பரவுவது, ஓரிடத்தில் குவிவது, மினுங்குவது. நம் கோயிலுக்குள் போய்ப் பாருங்கள். மண்டபம் மங்கல், மூலஸ்தானத்தில் தூண்டாமணி விளக்கு, கண் தானாகவே அங்கே போகும். கட்டியவருக்கு இது தெரிந்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். நான் ஒன்பது வருடம் தோஹாவில் பெரிய பொதுக் கட்டடங்களுக்கு லைற் பூட்டினேன். என்னோடு மூதூர், கிண்ணியாப் பெடியன்கள் எத்தனை பேர்! அங்கே எங்களிடம் மில்லிமீற்றர் கணக்கில் வேலை வாங்கினார்கள். திரும்பி வந்தால் இங்கே "சேர்ட்டிபிகேட் இருக்கா?" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அவர்களில் பலர் இப்போது ஆட்டோ ஓட்டுகிறார்கள்.

சரி, உங்கள் கட்டடத்துக்கு வருவோம். சீலிங் அடிக்க முதல், அலுமாரியும் மேசையும் எங்கே நிற்கும் என்று தரையில் சோக்கால் கீறுங்கள். 4000 கெல்வினுக்கு மேலே போகாதீர்கள், எண் கூடக்கூட வெளிச்சம் நீலம் தட்டும். கீறியதைப் படம் எடுத்து, இந்த வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு, அதற்குப் பிறகு பனலுக்கு ஓட்டை வெட்டச் சொல்லுங்கள்.